12 வோல்ட்டில் 200 வோல்ட்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு நேரத்தில் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் அனலாக் சர்க்யூட்களைச் சிமுலேட் செய்யக் கற்றுவருகிறேன். பிசி547 டிரான்சிஸ்டரை வைத்து ஒரு காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபையர் வரைந்தேன். சப்ளை 12 வோல்ட், கலெக்டரில் 4.7 கிலோ ஓம். எமிட்டரில் 1 கிலோ ஓமும் அதற்குப் பைபாஸ் கெப்பாசிட்டரும். பேஸுக்கு மேலே 47, கீழே 10 கிலோ ஓம். உள்ளீட்டை 1 வோல்ட் என வைத்து ஏ.சி. அனாலிசிஸ் ஓட்டினால் வெளியீடு 200 வோல்ட்டைத் தாண்டுகிறது. இந்த மென்பொருளை நம்பலாமா?

கா.

அன்புள்ள கா.,

நம்பலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் தந்திருக்கிறது.

ஏ.சி. அனாலிசிஸ் முதலில் சர்க்யூட்டின் டி.சி. நிலையை, அதாவது சிக்னல் இல்லாதபோதுள்ள வோல்ட்டேஜ்களையும் மின்னோட்டங்களையும் கணக்கிட்டு, அந்தப் புள்ளியில் டிரான்சிஸ்டரின் வளைகோட்டை ஒரு நேர்கோடாக மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த நேர்கோட்டின் மேல் போடும் கணக்கு என்பதால், சப்ளை 12 வோல்ட்தான் என்ற வரம்பு அங்கே செல்லாது. 1 வோல்ட் கொடுப்பது, வெளியீட்டையே பெருக்கமாகப் படித்துக்கொள்ளும் வசதிக்காக மட்டுமே.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பேஸில் ஏறத்தாழ 2.1 வோல்ட், எமிட்டரில் 1.4 வோல்ட், ஆகவே மின்னோட்டம் 1.4 மில்லி ஆம்பியர், கலெக்டரில் 5.4 வோல்ட். அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டருக்குரிய வெப்ப வோல்ட்டேஜான 26 மில்லி வோல்ட்டை 1.4 மில்லி ஆம்பியரால் வகுத்தால் எமிட்டரின் உள்தடை சுமார் 18.5 ஓம், 4700-ஐ அதனால் வகுத்தால் 250. டிரான்சிஸ்டரின் சொந்த வெளியீட்டுத் தடை அதைச் சற்றுக் குறைக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் சிமுலேஷனைத் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

அடுத்து, 10 மில்லி வோல்ட் உச்சமுள்ள சைன் அலையைக் கொடுத்து டிரான்சியன்ட் அனாலிசிஸை, அதாவது நேரத்தோடு அலை மாறுவதைக் கணக்கிடும் முறையை ஓட்டுங்கள். இங்கே வளைகோடு வளைகோடாகவே இருக்கும். கலெக்டர் தன் 5.4 வோல்ட்டிலிருந்து மேலே 2 வோல்ட் அளவுக்கே ஏறும். கீழே அதைவிட அதிகமாக இறங்கும். மேல்முனை மழுங்கியும் கீழ்முனை கூர்ந்தும் தெரியும் இந்தச் சிதைவை ஏ.சி. அனாலிசிஸ் உங்களுக்குக் காட்டவே காட்டாது. 1 வோல்ட் கொடுத்தாலோ அலை இருபுறமும் வெட்டுப்பட்டு, சைன் வடிவத்தையே இழந்துவிடும்.

ஐ.சி. எனும் சில்லுக்குள் போகும் சர்க்யூட்டை பிரெட்போர்டில், அதாவது பாகங்களைச் செருகிச் சோதிக்கும் பலகையில் கட்டிப் பார்ப்பதில் அதிகப் பயனில்லை என்ற நெருக்கடியில்தான், 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் உங்கள் எல்டிஸ்பைஸுக்கு அடிப்படையான ஸ்பைஸை உருவாக்கினார். உங்களிடம் பிரெட்போர்டு இருந்தாலும், அதில் செய்ய முடியாத ஒன்றைச் சிமுலேஷனில் செய்து பாருங்கள்: டிரான்சிஸ்டர் மாடலில் பீட்டாவை (பேஸ் மின்னோட்டத்தைப் போல் கலெக்டர் மின்னோட்டம் எத்தனை மடங்கு என்பதை) 200 என்றும் பின்பு 450 என்றும் மாற்றுங்கள், 'பி' வகை பிசி547-க்கு டேட்டாஷீட் அனுமதிக்கும் எல்லைகள் இவை. உங்கள் சர்க்யூட்டில் கலெக்டர் வோல்டேஜ் அதிகம் அசையாது. பிறகு பேஸின் இரண்டு தடைகளையும் எடுத்துவிட்டு, எமிட்டரை நேராக கிரவுண்டில் இணைத்து, சப்ளையிலிருந்து பேஸுக்கு 1.6 மெகா ஓம் ஒன்றை மட்டும் வையுங்கள். அந்த மெகாவை ஆங்கிலத்தில் 'மெக்' (Meg) என்று மூன்றெழுத்தாகவே எழுத வேண்டும். ஸ்பைஸில் வெறும் 'எம்' (M), பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும், மில்லியைக் குறிக்கும். அப்படி எழுதினால் முழு 12 வோல்ட்டும் பேஸில் விழும்; நிஜ டிரான்சிஸ்டர் நொடியில் கருகிவிடும், மென்பொருளோ கூசாமல் ஏதோ ஒரு எண்ணைத் தரும்.

சரியாக எழுதினால், பீட்டா 200-இல் ஒழுங்காக நிற்கும் கலெக்டர், 450-இல் சாச்சுரேஷனில், அதாவது கிட்டத்தட்ட கிரவுண்ட் வரை இறங்கி அசைய இடமில்லாமல் கிடக்கும்.