சுருட்டை விரியன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மானாவாரிக் காட்டில் கல் புரட்டும்போது முழ நீளப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்து 'சர்ர்' என்று சத்தம் போட்டது. சுருட்டை விரியனா, பூனைப் பாம்பா?
– வாசகர், விளாத்திகுளம்

சுருட்டை விரியன்தான். அந்தச் சத்தம் வாயிலிருந்து வருவதில்லை. உடலைப் பிறை பிறையாக மடித்து, மடிப்புகளை ஒன்றோடொன்று தேய்க்கும். விலாப்புறச் செதில்கள் ரம்பப் பல்லாகச் சாய்ந்திருப்பதால் இந்த உரசல் ஒலி. தலையில் வெளிறிய அம்புக்குறி இருக்கும். பூனைப் பாம்பு மெலிந்து நீண்டது, செதில் வழவழப்பானது, இப்படி உரசாது. குறியைப் பார்க்கக் கிட்டே குனியாதீர்கள், சுருட்டை மின்னல் வேகத்தில் கொத்தும். கல்லைக் கையால் புரட்டாமல் கடப்பாரையால் நெம்புங்கள்.

கேள்வி: சின்னப் பாம்புதானே, கடிவாயைக் கீறி ரத்தத்தை வெளியேற்றினால் போதும் என்கிறார்களே?
– வாசகி, சிவகங்கை

கீறவே கூடாது. இதன் விஷம் ரத்தத்தின் உறைய வைக்கும் புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டிச் செலவழித்துவிடும். அதன்பிறகு கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது. கயிறும் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் 108-ல் ஏற்றுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம். வீக்கம் சிறிதாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. ஈறில் கசிவும் சிறுநீரில் ரத்தமும் பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சும்மா வைத்திருந்தார்கள். ஏன் உடனே மருந்து ஏற்றவில்லை?
– வாசகர், புதுக்கோட்டை

சும்மா வைக்கவில்லை, அதுதான் முக்கியமான சோதனை. சுமார் 2 மி.லி. ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு குழாயை ஒருமுறை சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே தேவை. குழாய் புதிய, உலர்ந்த கண்ணாடியாக இருக்க வேண்டும். உறைதலைத் தூண்டுவதே கண்ணாடிப் பரப்புதான்; பிளாஸ்டிக்கிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு அடுத்த சோதனை 6 மணி நேரம் கழித்து. செலவான புரதங்களைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க அவ்வளவு நேரமாகும். தொடக்க அளவு வழக்கமாக 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.