பட்டினி பற்றிக் கேளுங்கள்: மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் வேலை செய்த தாதி பதில் சொல்கிறார்

ஈசூன் தம்பி: சாப்பாடு போதாததால்தானே அக்கா பட்டினி?

பெரும்பாலும் அப்படி இல்லை. 2024இல் சுமார் 673 மில்லியன் பேர் பசியில் வாடியதாக ஐநா கணக்கு. நைஜரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கொடுமை, போன வருடக் கம்பு வீட்டில் தீர்ந்திருக்கும், புதுக் கதிர் முற்றியிருக்காது. சந்தையில் மூட்டை மூட்டையாகக் கம்பு இருக்கும், வாங்கக் காசு இருக்காது, ஆட்டை விற்கப் போனால் ஊரே ஆட்டோடு வந்து நிற்கும், விலை விழுந்துவிடும். 1943 வங்காளப் பஞ்சத்திலும் கல்கத்தா அலுவலகக்காரர்களுக்கு மலிவு விலையில் தானியம் கிடைத்தது, செத்தது கிராமத்துக் கூலிகளும் மீனவர்களும்.

செங்காங்: இங்கே சிங்கப்பூரில் அரிசி தீருமா?

இறக்குமதியாளர்கள் கிடங்கில் இருப்பு வைக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குமேல் அரிசி வணிகர்களைக் கேளுங்கள்.

தேக்கா அண்ணன்: கடைக்காரர்கள் சேர்ந்து பால்மாவு டின் அனுப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். அழுக்குத் தண்ணீரில் கலக்குவார்கள், வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் நின்றுபோகும். நாங்கள் குழந்தையின் புஜத்தில் நாடாவைச் சுற்றிப் பார்ப்போம், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. கடும் நோய் எதுவும் இல்லாமல் சாப்பிடவும் செய்தால் வேர்க்கடலைப் பசை பாக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். 92 கிராம், 500 கலோரி. எண்ணெய் பிரிந்து நிற்கும், அம்மா நன்றாகப் பிசைந்துவிட்டு மூலையைக் கிழிப்பார், குழந்தை அப்படியே உறிஞ்சும். கலக்கத் தண்ணீரே வேண்டாம், அதுதான் அதன் பெருமை.

உட்லண்ட்ஸ்: நல்ல பிராண்ட் பால்மாவு என்றால்?

பிரச்சினை தண்ணீரில். மேலே தேக்கா அண்ணனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜூரோங் ஐயா: உதவியாகக் காசு கொடுத்தால் அப்பன் குடித்துவிடுவான், அரிசியே அனுப்புங்கள்.

இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன் ஐயா. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று பல நாட்டு ஆய்வுகளை 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள், உதவிப் பணத்தால் குடிச்செலவு கூடவில்லை. ஓசி அரிசி வந்து குவிந்தால் உள்ளூர் விவசாயியின் விளைச்சலும் விலைபோகாது.

ஜூரோங் ஐயா: சண்டை நடக்கிற இடத்தில் கடையே இருக்காதே?

அங்கே நீங்கள் சொல்வதுதான் சரி. சூடானின் ஸம்ஸம் முகாமில் 2024 ஆகஸ்டில் பஞ்சம் உறுதியானது, சாலையை மறித்துவிட்டார்கள், சரக்கு வராத இடத்தில் காசை வைத்து என்ன செய்வது? அந்த மாதிரி இடத்துக்கு உணவோடு லாரிதான் போகவேண்டும். சந்தை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், ஓடினால் காசு.

பாசிர் ரிஸ்: ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பால்மாவு அனுப்பலாமா அக்கா?

வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசை அம்மாவின் சாப்பாட்டுக்குக் கொடுங்கள்.