பழைய தார் 30% சேர்த்தா புது பிட்டுமென் எந்த கிரேடு வாங்கணும்?

கேள்வி: ரோட்டை மில்லிங் பண்ணி (மேல்பரப்பை மெஷின்ல சுரண்டி) எடுத்த பழைய மெட்டீரியல் 30% சேர்த்து ஹாட் மிக்ஸ் போடப் போறோம். அதுல பைண்டர் (கல்லை ஒட்டுற பிட்டுமென்) 4.5% இருக்கு, அதோட விஸ்காசிட்டி (ஓடாம எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கிற அளவு) 60 டிகிரில 50,000 பாய்ஸ். மிக்ஸுக்கு மொத்தம் 5% பைண்டர். கடைசியில விஜி30 (விஸ்காசிட்டியை வச்சு பிரிக்கிற கிரேடு, நம்பர் கூடினா கெட்டி) வரணும், எந்த கிரேடு வாங்குறது?

பதில்: விஜி10 வாங்குங்க. ஆனா கணக்கை சரியா போட்டுட்டு வாங்குங்க, ஏன்னா நிறைய பேர் 30%னு வச்சு சாதாரண சராசரி போட்டுடறாங்க, அது ரெண்டு விதத்துல தப்பு. மிக்ஸ்ல 30%னாலும் பைண்டர்ல பழைய பங்கு, 30%ல 4.5%னா வர்ற 1.35ஐ 5ஆல வகுத்தா கிடைக்கிற 27%தான். அடுத்து, விஸ்காசிட்டி நேர்கோட்டுல கலக்காது. சராசரி போட்டா 14,000 பாய்ஸுக்கு மேல வரும், பார்த்தவுடனே பயந்துடுவீங்க. பாய்ஸை 100ஆல பெருக்கி சென்டிபாய்ஸாக்கி ரெண்டு தடவை லாக் எடுத்து, அந்த நம்பரை 27:73னு கலந்து, ரெண்டு லாக்கையும் திருப்பி பாய்ஸுக்கு கொண்டு வரணும். 1000 பாய்ஸ் விஜி10 போட்டா சுமார் 2575 பாய்ஸ் வருது, பிட்டுமெனுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 73ல விஜி30க்கு 2400லேர்ந்து 3600 வரைக்கும் இருக்கலாம், அதுக்குள்ள உக்காந்துடுது. 3000 பாய்ஸ் விஜி30ஐயே போட்டீங்கன்னா 6000ஐ தாண்டி விஜி40ஓட 4800 லிமிட்டுக்கும் மேல போயிடும், அந்த ரோடு சீக்கிரம் வெடிக்கும்.

இன்னொன்னும் போட்டுப் பாருங்க. பழைய பைண்டர் 50,000 இல்ல, 1,00,000 பாய்ஸ்னே வச்சுக்கோங்க, கலவை 2990தான், இன்னும் விஜி30தான். ஆனா பழைய மெட்டீரியல் குவியல்ல வேற ஒரு மூலைல பைண்டர் 4.5%க்கு பதிலா 3.3% இருந்தா பங்கு 20% ஆயிடும், கலவை 2000க்கு இறங்கி கிரேடே தவறிடும். அதனால விஸ்காசிட்டியை விட குவியலைத்தான் நான் சந்தேகப்படுவேன். வேற வேற ரோட்டு மெட்டீரியலை ஒண்ணா கொட்டாதீங்க, சலிச்சு சைஸ் வாரியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் பல இடத்துல சாம்பிள் எடுத்து பைண்டர் பாருங்க.

லேப்ல பழைய பைண்டரை கரைச்சு எடுக்கிற சால்வென்ட் ட்ரைகுளோரோஎத்திலீன் கொஞ்சம் உள்ள தங்கினாலும் பைண்டர் இளகிப்போய் விஸ்காசிட்டி குறைச்சு காட்டும். விஸ்காசிட்டி தெரிஞ்ச புது விஜி30ஐ அதே சால்வென்ட்ல கரைச்சு அதே மாதிரி திரும்ப எடுங்க, அதோட முதல் நம்பரே திரும்ப வரலன்னா 50,000ஐ நம்ப வேணாம்.

இந்தக் கணக்கு பழைய பைண்டர் முழுசா உருகி கலந்துடும்னு வச்சுத்தான் போடுறது. பிளான்ட்ல அப்படி முழுசா கலக்காது, கலக்காத பங்கு வெறும் கல்லு மாதிரி கிடக்கும், அப்போ பைண்டரும் பத்தாது, கலந்ததும் இளக்கமா இருக்கும். பழைய மெட்டீரியல்ல நேரடியா தீ படாம சூடாக்கி, மிக்ஸிங் நேரத்தை கொஞ்சம் கூட்டுங்க, ட்ரையல் மிக்ஸ்ல ரட்டிங் (சக்கரத்தடம் பள்ளமாறது), கிராக்கிங் (விரிசல்) ரெண்டு டெஸ்ட்டும் பார்த்துட்டு அப்புறமா ஆர்டர் கொடுங்க.