சந்தையில் கிடக்கும் மீன் எந்தக் கரையில் இறங்கியது? கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): தடைக்காலத்திலும் சந்தையில் மீன் குறைவதில்லையே, அது எங்கிருந்து வருகிறது?

பதில்: குமரி மாவட்டத்திற்குத் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் சேரும் சின்னமுட்டத்தின் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கணக்கில் சேரும் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே மே மாதத்தில் 'சின்னமுட்டம் போட்டு மீன்' (விசைப்படகு மீன்) என்று ஒருவர் கூவினால் ஐயப்படலாம். ஜூலையில் அதே பேச்சு நம்பத்தக்கது. இரண்டு தடைகளும் சேர்ந்து வரும் ஜூன் முதல் 14 நாள்களில் வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவருவதே உள்ளூர் மீன் என்பதால், ஐஸ் பெட்டியில் ஒரே அளவாக அடுக்கியிருக்கும் பெரிய மீன்கள் பெரும்பாலும் வெளியூர் லாரியில் வந்தவையே.

கேள்வி (நாகர்கோவில்): மீனைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: எப்படிப் பிடித்தார்கள் என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். தூண்டில் மீனுக்கு வாயோரம் கிழிந்திருக்கும். செவுள் வலையில் சிக்கியதற்குத் தலைக்குப் பின்னால் நூல் அழுந்திய கோடு தெரியும். இழுவைமடி மீன் செதில் உதிர்ந்து, நசுங்கி, குஞ்சுகளும் கலந்து கிடக்கும். எந்தக் கடல் என்பதை மீன் சொல்லாது. நெய்மீனை (வஞ்சிரம்) துண்டுகளாக வாங்கினால் அது நெய்மீன்தானா என்பதே உறுதியில்லை என்பதால், உடலில் அலையலையான குறுக்குக் கோடுகள் உள்ள முழு மீனாகப் பார்த்து விலை பேசி, கண் முன்னே வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (கருங்கல்): தூத்தூர்க்காரர் பிடித்தது உள்ளூர் மீன்தானே?

பதில்: ஆள் உள்ளூர், மீன் அப்படியல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பகுதி ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கிப் பிடித்துக் கொச்சி போன்ற துறைமுகங்களில் இறக்குகின்றன. அந்த மீன் மட்டமானதென்று சொல்லமாட்டேன். 'காலையில் இறங்கியது' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): பொடிச் சாளை (மத்தி) மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேரளத்தில் சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14 செ.மீ. என்று குறைந்தபட்ச அளவு சட்டமாகவே உள்ளது. நடுவிரல் நீளமே இருக்கும் சாளை அந்த அளவை எட்டாது. 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை இறங்கிய அந்த மாநிலத்தில் 2021-இல் கிடைத்தது வெறும் 3,297 டன். கடலின் மாற்றமும் அதற்குக் காரணம்தான், ஆனால் வாங்குபவரால் தடுக்கக்கூடியது குஞ்சு மீன் விற்பனை ஒன்றே. நெத்திலியை இதில் சேர்க்காதீர்கள். அது வளர்ந்தாலும் சிறிய மீன்தான்.

கேள்வி (குலசேகரம்): மீன் எங்கே பிடிபட்டது என்பதற்குச் சான்று கேட்கலாமா?

பதில்: 2010 முதல் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் மீனுக்கு, பிடித்த விவரம் கூறும் சான்றிதழ் வேண்டும். நம் அடுப்புக்கு வரும் மீனுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே மீன்காரம்மாவிடம் தொடர்ந்து வாங்கி, ஒவ்வொரு முறையும் 'எந்தக் கரை, என்ன வலை?' என்று கேட்டு வாருங்கள். நான் வாங்குபவர், சில வாரங்களிலேயே, கூடையைத் திறக்கும் முன்பே 'இன்னைக்கு இது நம்ம கரை இல்ல' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.