நீலகிரிக் காட்டுப்புறா: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மொட்டை மாடிக்கு வரும் புறாவும் இதுதானா?

இல்லை. அது மாடப்புறா. காட்டுப்புறா அதைவிடப் பெரியது, ஏறத்தாழ 40 செ.மீ. முதுகு செம்பழுப்பு, பின்கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். அலகின் அடி சிவப்பு, நுனி வெளிர்மஞ்சள். பின்கழுத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது.

கேள்வி: எங்கே பார்க்கலாம்? என்ன சாப்பிடும்?

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நந்தி மலை போன்ற சில குன்றுகளிலும் மட்டுமே உண்டு. காட்டு இலவங்கம், நாவல் இன மரங்களின் பழங்களை முழுதாக விழுங்கும். உதிர்ந்த பழத்துக்கும் நத்தைக்கும் தரையிறங்கும். எந்தச் சோலையில் (உயர்மலைப் பள்ளங்களில் நிற்கும் அடர்ந்த பசுமைக் காடு) பழம் பழுக்கிறதோ அங்கே போகும். அதனால்தான் சென்ற மாதம் பார்த்த இடத்தில் இந்த மாதம் காணாமல் போகிறது. ஆழ்ந்த 'ஊ' என்ற குரலைக் கருமந்தி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் பலர். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்.

கேள்வி: கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. சட்டவிரோதம்.

கேள்வி: முட்டை எத்தனை?

ஒன்றே ஒன்று. சுள்ளிகளை அடுக்கிய மேடையில் இடும். இத்தனை மெதுவாகப் பெருகும் பறவை, காடு சுருங்கினால் எப்படித் தாங்கும்? அருகிவரும் உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் (IUCN) 'அழிவாய்ப்புள்ள' இனம். கூட்டருகே போகாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரங்களை அடியோடு வெட்டினால் சோலை மீளுமா? (கோத்தகிரி வாசகர் 'வெட்டுங்கள்' என்கிறார், நிழல் போய்விடும் என்று குன்னூர் வாசகர் மறுக்கிறார்.)

இருவரும் பாதி சரி. தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட வாட்டில் புல்வெளியை விழுங்கியிருக்கிறது. அங்கே அகற்றத்தான் வேண்டும். ஆனால் சோலை விளிம்பில், வாட்டில் நிழலில், சோலை மரக்கன்றுகள் முளைத்து நிற்கின்றன. அந்த விதைகளைக் கொண்டுவருபவை பழந்தின்னிப் பறவைகள்தாம். ஒரேயடியாக வெட்டினால் கன்றுகள் வெயிலில் கருகும். மண்ணில் கிடக்கும் வாட்டில் விதை கூட்டமாக முளைக்கும். கோத்தகிரிக்காரரே, வெட்டுமுன் குனிந்து தரையைப் பாருங்கள். குன்னூர்க்காரரே, புல்வெளியில் நிழல் வாதம் எடுபடாது. அது இயல்பிலேயே புல்வெளி.

கேள்வி: சோலையில் புறாவுக்குத் தானியம் தூவலாமா?

வேண்டாம். இதை எத்தனை பேர் கேட்டாலும் பதில் இதுதான். மாடப்புறாப் பழக்கத்தைச் சோலைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்ட ஓரத்தில் என்ன நடலாம்?

உங்கள் மலையிலேயே வளரும் பழமரம். பக்கத்துச் சோலையில் எது பழுக்கிறது என்று பாருங்கள். நாற்றங்காலில் அதன் கன்றைக் கேளுங்கள். சதைப்பழம் தராத சில்வர் ஓக் நட்டுவிட்டுப் புறாவை எதிர்பார்க்காதீர்கள்.