பி.டி. சார் பதில்கள்: களைப்பு வேற, கணக்கு வேற

(வேலூர்ல ஒரு காலேஜ்ல முப்பது வருஷத்துக்கு மேல உடற்கல்வி இயக்குநரா இருந்து ரிட்டயர்டு ஆனவர், வாசகர் கேள்விங்களுக்கு பதில் சொல்ற பகுதி.)

போன மாசம் மூட்டு வலி பத்தி எழுதினேன்ல, அதுக்கப்புறம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல காலேஜ் வாத்தியாருங்க அனுப்பினது. சரி, இந்த வாட்டி மொத்தமும் அவங்களுக்கேன்னு வெச்சிக்கலாம். மத்தவங்க கோச்சிக்காதீங்க, நாற்காலில உக்காந்து வேல பாக்கற எல்லாருக்கும் இது பொருந்தும்.

காட்பாடியிலேர்ந்து ஒரு உதவிப் பேராசிரியர், வயசு 38: சார், காலைல எட்டரைக்கு பயோமெட்ரிக் வெச்சா சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ஓட்டம்தான். நின்னுகிட்டேதான் கிளாஸ் எடுக்கறேன், மூணு மாடி ஏறி எறங்கறேன், வீட்டுக்கு வந்தா சோஃபால விழுந்தவன் எந்திரிக்க முடியல. போன வாரம் டெஸ்ட் எடுத்தா சுகர் பார்டர்ல இருக்குன்னு சொல்லி டாக்டர் வாக்கிங் போகச் சொல்றாரு. இதுக்கு மேல இன்னா சார் வாக்கிங்?

சார், உங்க களைப்ப நான் பொய்னு சொல்லல. ஆனா களைப்பு வேற, உடம்பு அசைஞ்ச கணக்கு வேற. நாலு மணி நேரம் கத்திக் கத்தி பாடம் எடுத்தா தொண்டை களைச்சிரும், மண்டை களைச்சிரும், கால் வலிக்கும், ஆனா இதயத்த கேட்டா எனக்கு ஒண்ணும் பெருசா வேல வரலியேன்னுதான் சொல்லும். ஒரே எடத்துல நிக்கறது உக்கார்றத விட கொஞ்சூண்டுதான் ஒசத்தி, நடக்கறதுக்கு பக்கத்துல கூட வராது. நின்ன எடத்துலயே மணிக்கணக்கா நின்னா கால் நரம்பு சுருட்டிக்கற தொந்தரவு வேற வரும், அதை எத்தனை வாத்தியாருங்க கால்ல நான் பாத்திருக்கேன் தெரியுமா.

கணக்கு போட்டுப் பாப்போம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி வாரத்துக்கு 40 மணி நேர வேலை, அதுல உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி, அசோசியேட்டுக்கும் பேராசிரியருக்கும் 14. தனியார்ல இதுக்கு மேலயும் ஏத்தி விடறது உண்டு, அது தெரிஞ்ச கதைதான். ஆனா 16ன்னே வெச்சாலும் மிச்சம் 24 மணி நேரம் எங்க போச்சு? காலேஜுக்கு தரம் போடற நாக் குழுவுக்கு ஃபைல், இன்டர்னல் மார்க் ஏத்தறது, பேப்பர் திருத்தறது, மீட்டிங், ரிசர்ச் பேப்பர் எழுதறது. எல்லாமே நாற்காலி. வண்டில வந்து பிளாக் வாசல்ல நிறுத்தறீங்க, லிஃப்ட் இருந்தா லிஃப்ட், வீட்டுக்கு வந்தா சோஃபா, அதுக்கப்புறம் லேப்டாப்ல நாளைக்கு கிளாசுக்கு பிபிடி. மூணு மாடி ஏறினது ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்னு வாட்ச்ல பாருங்க, அஞ்சு நிமிஷம் தேறினா பெருசு.

ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தயும் கேவலமா நெனைக்காதீங்க. லண்டன்ல டபுள் டெக்கர் பஸ் ஓடும்ல, அதுல வேல பாத்த டிரைவருங்களயும் கண்டக்டருங்களயும் ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் ஒப்பிட்டுப் பாத்து 1953ல லான்செட் பத்திரிகைல எழுதினாரு. ஒரே கம்பெனி, ஒரே பஸ்சு, ஆனா நாள் முழுக்க உக்காந்து ஓட்டின டிரைவருங்களுக்கு மாரடைப்பு கூட, டிக்கெட் குடுக்க மாடிப்படி ஏறி எறங்கின கண்டக்டருங்களுக்கு கம்மி. அந்த கண்டக்டருங்க ஒரு நாளைக்கு 500லேர்ந்து 750 படி ஏறினாங்க. நீங்க உங்கள கண்டக்டர்னு நெனச்சிட்டிருக்கீங்க சார், உங்க உடம்பு டிரைவர் சீட்ல இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இல்லன்னா 75லேர்ந்து 150 நிமிஷம் கடுமையான உழைப்பு, அது போக ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதம்னா எது? மூச்சு வாங்கும், பேச முடியும், பாட முடியாது, அவ்ளோதான் டெஸ்ட். உங்களுக்கு சுகர் பார்டர்ன்றதால மதியம் சாப்ட்ட உடனே ஸ்டாஃப் ரூம்ல சாயாம பத்து நிமிஷம் காரிடார்ல நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சர்க்கரைய அது அடக்கும். டாக்டர் சொன்ன வாக்கிங் இதுக்கு மேல தனி, அதுல பேரம் பேசாதீங்க.

சத்துவாச்சாரி, பிஎச்.டி. பண்ணிட்டிருக்கற மாணவர்: ஐயா, பேராசிரியருங்க எவ்ளோ உடலுழைப்பு செய்றாங்கன்னு சர்வே எடுக்கறேன். ஐபேக் கேள்வித்தாள்தான் குடுக்கறேன். எல்லாருமே தினம் ஒரு மணி நேரம் நடக்கறேன்னு எழுதித் தர்றாங்க, தொப்பைய பாத்தா அப்டி தெரியல. நம்பறதா?

தம்பி, தொப்பைய வெச்சி ஆராய்ச்சி முடிவு எழுதாதே, கைடு அடிப்பாரு. ஆனா சந்தேகம் நியாயம்தான். தன்னைப் பத்தி தானே எழுதற கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் வீங்கித்தான் வரும், அது வாத்தியாருங்களுக்கு மட்டும் இருக்கற வியாதி இல்ல.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஐபேக்ன்றது கடைசி 7 நாள்ல எத்தனை நாள், எத்தனை நிமிஷம் நடந்தீங்க, மிதமா உழைச்சீங்க, கடுமையா உழைச்சீங்க, எவ்ளோ நேரம் உக்காந்தீங்கன்னு கேக்கற கேள்வித்தாள். நடைக்கு 3.3, மிதத்துக்கு 4, கடுமைக்கு 8ன்னு ஒரு மெட் மதிப்பு இருக்கு, சும்மா உக்காந்திருக்கறத விட எத்தனை மடங்கு சக்தி செலவாகுதுன்றதுதான் மெட், அதை நிமிஷத்தால பெருக்கி வாரக் கணக்கு எடுப்பாங்க. தெனம் அரை மணி வீதம் அஞ்சு நாள் நடந்தா 150 நிமிஷம், 3.3ஆல பெருக்கினா 495 மெட் நிமிஷம். ஆளுங்கள கம்மி, மிதம், அதிகம்னு மூணு பிரிவா பிரிப்பாங்க. மிதமான பிரிவுக்கு 600 வேணுமே, அப்போ இவரு ஃபெயிலான்னு பதறாதே, அஞ்சு நாள் அரை மணி நேரம்னாலே அந்தப் பிரிவுல சேத்துக்கலாம்னு அந்த முறையிலயே தனியா ஒரு வழி குடுத்திருக்காங்க. இத விட்டுட்டு வெறும் 600 மட்டும் பாத்து எல்லாரையும் சோம்பேறி லிஸ்ட்ல போட்ட ஆளுங்கள நான் பாத்திருக்கேன்.

ரெண்டு விஷயம் கவனி. எந்த மாசத்துல கேக்கற? செமஸ்டர் எக்ஸாம், வேல்யூவேஷன் நடக்கறப்ப கேட்ட 7 நாளும் ஆகஸ்ட் மாச 7 நாளும் ஒண்ணு இல்ல. அப்புறம் மேடம்ங்ககிட்ட கேக்கறப்ப வீட்டு வேலைய சேத்து சொல்லுங்கன்னு வாயத் தெறந்து சொல்லு. துணி தொவைக்கறது, தண்ணி தூக்கி மாடிக்கு ஏத்தறது, வீடு பெருக்கித் தொடைக்கறது இதெல்லாம் உடற்பயிற்சின்னு அவங்க நெனைக்க மாட்டாங்க, எழுதவும் மாட்டாங்க. ஆம்பளைங்களுக்கு வீங்குது, பொம்பளைங்களுக்கு சுருங்குது. முடிஞ்சா கொஞ்சம் பேருக்காவது இடுப்புல அடி எண்ணற பெடோமீட்டர மாட்டி விட்டு ஒப்பிட்டுப் பாரு, சுவாரசியமா இருக்கும்.

ராணிப்பேட்டை, மகளிர் கல்லூரி இணைப் பேராசிரியர்: காலைல நாலரைக்கு எந்திரிச்சி சமைச்சி, பசங்கள அனுப்பி, முத்துக்கடையில பஸ் ஏறி வேலூர் வந்து, திரும்பப் போய் மறுபடி அடுப்படி. எல்லாரும் "உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்க"ன்றாங்க. எங்கிருந்து சார் ஒதுக்கறது?

மேடம், நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். அப்டி சொல்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு காலைல கோட்டைல ஜாலியா நடந்துட்டு வந்து சூடா காபி கேக்கறவங்க. உலக சுகாதார நிறுவனம் 2024ல வெளியிட்ட கணக்குல, நம்ம நாட்டுல போதிய உடலுழைப்பு இல்லாத ஆம்பளைங்க 42 சதவீதம், பொம்பளைங்க 57 சதவீதம். பொம்பளைங்க சோம்பேறின்னா அர்த்தம்? அவங்களுக்குன்னு நேரமும் எடமும் இல்லன்னு அர்த்தம். அதனால மொத வேல, காலைல பால் காய்ச்சறதயும் பசங்க டிபன் பாக்ஸ் கட்டறதயும் வீட்டுக்காரர்கிட்ட தள்ளுங்க. இத சொன்னதுக்கு எனக்கு திட்டு லெட்டர் வரும், வரட்டும்.

ஒரு நல்ல சேதி. முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது செஞ்சாத்தான் கணக்குன்னு சொல்லிட்டிருந்தாங்க, 2020ல அந்தப் பத்து நிமிஷ நிபந்தனைய எடுத்துட்டாங்க. ரெண்டு நிமிஷம் வேகமா நடந்தாலும் கணக்குல சேரும். பஸ்சுல ஒரு ஸ்டாப் முன்னாடி எறங்கி வேகமா நடங்க, பெல் அடிச்சதும் அடுத்த கிளாசுக்கு சுத்து வழில போங்க, ஹெச்.ஓ.டி. ரூமுக்கு போன் பண்ணாம நேர்ல போங்க. இன்விஜிலேஷன் மூணு மணி நேரம்னா நாற்காலிய ஹாலுக்கு வெளிய போட்டுருங்க. மெதுவாத்தான் நடப்பீங்க, அதை மிதமான உழைப்புன்னு எழுதிக்க முடியாது, ஆனா மூணு மணி நேரம் உக்கார்ற ஆபத்து போச்சு, காப்பி அடிக்கற பிள்ளையும் மாட்டும்.

தோட்டப்பாளையம், கௌரவ விரிவுரையாளர்: பத்தாயிரம் ஸ்டெப்ஸ் கட்டாயமா சார்? வாட்ச் தெனமும் திட்டுது.

அந்த வாட்ச கழட்டி வெச்சிடுப்பா. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி வித்த பெடோமீட்டருக்கு மான்போ கேய்னு பேரு, "பத்தாயிரம் அடி மீட்டர்"னு அர்த்தம். டாக்டருங்க உக்காந்து கண்டுபிடிச்ச நம்பர் இல்ல, கடைக்காரன் வெச்ச பேரு. 2019ல அமெரிக்காவுல வயசான பொம்பளைங்கள வெச்சி பாத்தப்ப தெனம் 2,700 அடி நடந்தவங்கள விட 4,400 அடி நடந்தவங்களுக்கே சாவு அபாயம் நல்லா கொறஞ்சிது, 7,500க்கு மேல பெருசா வித்தியாசம் தெரியல. நீ இளவட்டம், கொஞ்சம் கூட நட, ஆனா 9,200ல நின்னதுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மொட்ட மாடில சுத்தாத.

குடியாத்தம், பேராசிரியர்: நடக்க ஆசைதான், ஆனா நம்மூரு வெயில்ல?

நம்ம ஊரு வேலூரா வெயிலூரான்னு கேட்டு கேட்டு காது புளிச்சிப் போச்சு. சித்திரை, வைகாசில 40 டிகிரிய தாண்டற ஊர்ல சாயங்காலம் அஞ்சு மணி கூட நடக்கற நேரம் கிடையாது, தார் ரோடு அப்பவும் அனல் கக்கும். விடிஞ்ச ஒடனே போங்க, இல்லன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். தலை சுத்துச்சுன்னா வீராப்பு காட்டாம நெழல்ல உக்காந்து மோர் குடிங்க. பிரஷர், சுகர் மாத்திரை போடறவங்க டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

வேலூர், பெயர் வேண்டாம் என்கிற பேராசிரியர், வயசு 52: தசைக்குப் பயிற்சி வேணும்ன்றாங்க. ஜிம்முக்குப் போனா அங்க என் ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்க. கூச்சமா இருக்கு.

இது நெஜமான பிரச்சன, சிரிக்க மாட்டேன். காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் டேன்னா ஸ்டாஃபுக்கு நாங்க வெச்ச ஒரே போட்டி மியூசிக்கல் சேர், அதுலயும் கடைசில உக்காந்தவருக்குத்தான் பிரைஸ். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, இத்தன வருஷம் பசங்க பின்னாடியே விசிலடிச்சிட்டு ஓடினேன், ஸ்டாஃப் ரூம் பக்கம் எட்டிப் பாக்கல. கிரவுண்ட் சாயங்காலம் ஸ்டாஃபுக்கும் தெறந்திருக்குன்னு ஒரு சர்க்குலர் போடக் கூட எனக்குத் தோணல.

கூச்சம் போற வரைக்கும் வீட்லயே செய்ங்க. கை வெக்காம நாற்காலிலேர்ந்து எந்திரிச்சி உக்கார்றது பத்து வாட்டி, செவுத்துல கை ஊனி தள்றது பத்து வாட்டி, குதிகால தூக்கி எறக்கறது பதினஞ்சு வாட்டி, இத மூணு சுத்து. வாரத்துல ரெண்டு நாள் போதும். நெஞ்சு வலி, மூச்சு திணறல் இருந்தா மொதல்ல டாக்டர், அப்புறம் நாற்காலி. ஒரு மாசம் கழிச்சி ஜிம்முக்கு போங்க. 2014லயும் 2018லயும் காமன்வெல்த்ல தங்கம் தூக்கின சதீஷ் சிவலிங்கம் நம்ம சத்துவாச்சாரி புள்ள, வெயிட் தூக்கறதுல வெக்கப்படற ஊரு இல்ல இது. அங்க உங்க ஸ்டூடன்ட் எவனாவது கிட்ட வந்து "சார், முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க"ன்னு சொல்லுவான். சொன்னா கேட்டுக்கங்க, இன்டர்னல் மார்க்ல கை வெச்சிராதீங்க.