ஒரே கடிதத்தில் மூன்று ‘சார்ஜ்’: எதற்கு எந்தத் தமிழ்?

கேள்வி: மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறேன். மனு, பத்திரம், வங்கிக் கடிதம் ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றித் தருவதுதான் பிழைப்பு. அண்மையில் வந்த ஒரு வங்கிக் கடிதத்தில் ‘சார்ஜ்’ என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. அகராதியைப் பிரித்தால் கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, தாக்குதல், மின்னூட்டம் என்று பட்டியல் நீள்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? இன்னொன்று: தமிழில் ‘கட்டணம்’ என்று இருப்பதை ஆங்கிலத்தில் ஃபீ, ஃபேர், சார்ஜ், காஸ்ட், ரேட் ஆகியவற்றில் எப்படி எழுதுவது?

பதில்: அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் நின்று கேட்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

இதற்கான விதியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருள் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ தெளியத் தோன்றும் என்பது அவர் வாக்கு. உரைகாரர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து இதை விளக்குவார்கள். ‘மா பூத்தது’ என்றால், பூத்தது என்ற வினையே அது மரம் என்று காட்டிக்கொடுக்கிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால், பக்கத்தில் நிற்கிற மருது காட்டிக்கொடுக்கிறது. கவசம் பூண்டு நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் அது குதிரை. அவனிடம் மாம்பழத்தைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சார்ஜுக்கும் இந்த மூன்றையும் பாருங்கள். அதோடு ஒட்டி வருகிற சிறு சொல் எது? அக்கம்பக்கத்துச் சொற்கள் எந்த இனம்? தாளை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார்?

வேரையும் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யும் தொல்லை குறையும். லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கான வினைச்சொல் அதிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. கார், கார்கோ எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஆக, அடிப்படைப் பொருள் ஏற்றுதல். ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் பொறுப்பு, குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு, பணத்தை ஏற்றினால் கட்டணம், சொத்தின் மேல் கடனை ஏற்றினால் ஈடு. துப்பாக்கிக்குள் மருந்தைக் கிட்டித்து ஏற்றுவதும் சார்ஜ்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1740களின் இறுதியில் லெய்டன் ஜாடி எனப்படும், மின்சாரத்தைச் சேமிக்கும் கண்ணாடிச் சாடிகளில் மின்சாரம் ஏற்றிப் பார்த்தபோது இந்தச் சொல்லையே கையாண்டார். பல ஜாடிகளைச் சேர்த்து வைத்த தொகுதிக்கு அவர் சொன்ன ‘பேட்டரி’ என்ற பெயரும் பீரங்கி வரிசைக்குப் படையில் வழங்கிய பெயர். கைப்பேசிக்குச் சார்ஜ் போடுகிறவர் யாரும் பீரங்கியை நினைப்பதில்லை. ஆனால் சொல்லின் வழி அதுதான். பாடநூல் தாள் எதுவும் உங்களிடம் வந்தால் ஒரு கவனம் வேண்டும்: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் என்று இருப்பது இலங்கைப் பாடநூல்களில் ஏற்றம், மின்னேற்றம் என்று இருக்கும்.

இனி ஒட்டுச் சொற்கள். சார்ஜுக்குப் பின்னால் ‘ஃபார்’ வந்தால் பெரும்பாலும் பணம். ‘டு’ வந்து கணக்கின் பெயர் தொடர்ந்தால் அந்தக் கணக்கில் பற்று எழுதுதல். ‘ஆன்’ வந்து சொத்தின் பெயர் தொடர்ந்தால் கடனுக்கான பொறுப்பு. ‘அட்’ வந்தால் யானையோ காளையோ பாய்ந்து வருகிறது, ஒதுங்கிவிடுங்கள். ‘வித்’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும். அதற்குப் பின் கொலை, திருட்டு, மோசடி என்று வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர். பதிவேடு பராமரித்தல், விசாரணை நடத்துதல் என்று வந்தால் பணி ஒப்படைக்கப்பட்டவர். சிறு சொல் கைவிடுகிற இந்த இடத்தில் இனம் கைகொடுக்கிறது. பணி ஒப்படைக்கப்பட்ட தாசில்தாரைக் குற்றம் சாட்டப்பட்டவராக்கிவிட்டால் உங்கள் நிலையத்துக்கு வரும் அடுத்த ஆள் அவராகத்தான் இருப்பார்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்ற இரட்டை. நடுவில் ஒரு ‘தி’ நுழைந்ததும் ஆள் தலைகீழாக மாறிவிடுகிறார். செவிலியர் குழந்தைக்கு ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் செவிலியர் பொறுப்பாளர். குழந்தை செவிலியரின் ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு வழக்குகளின் ஆவணங்களில் இந்த ‘தி’யைத் தவறவிட்டால் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதே மாறிப்போகும்.

உங்கள் வங்கிக் கடிதத்துக்கு வருவோம். ‘சார்ஜ் ஆன் தி ப்ராப்பர்ட்டி’, ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’, ‘ஆபீசர் இன் சார்ஜ்’ என்ற மூன்று தொடர்களும் கடிதத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பின்னிரண்டும் எளிது: கட்டணமின்றி, பொறுப்பு அதிகாரி. முதலாவதை ‘சொத்தின் மீதான கட்டணம்’ என்று எழுதினால் வாடிக்கையாளர் சொத்துவரி என்று நினைத்துக்கொள்வார். ‘அடமானம்’ என்றும் எழுதிவிட வேண்டாம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் அடமானம் 58ஆம் பிரிவு, சார்ஜ் 100ஆம் பிரிவு. அடமானத்தில் சொத்திலுள்ள உரிமையின் ஒரு பகுதி கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. சார்ஜில் உரிமை எதுவும் மாறுவதில்லை. ஒரு தொகைக்கு அந்தச் சொத்து ஈடாக நிற்கிறது, அவ்வளவே. அது பத்திரம் எழுதித்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. வீட்டை விற்றவருக்கு விலையில் பாக்கி இருந்தால், அந்தப் பாக்கிக்கு வீட்டின் மேல் சட்டமே ஒரு சார்ஜை ஏற்றிவிடுகிறது. நான் இதை ‘சொத்தின் மீதான கடன் பொறுப்பு’ என்று எழுதுவேன். ‘வில்லங்கம்’ என்பது அடமானம், குத்தகை எல்லாவற்றையும் அடக்கிய பெரிய சொல். அதை வில்லங்கச் சான்றிதழுக்கே விட்டுவிடுங்கள்.

குற்றவியல் தாள்களில்தான் அதிகக் குழப்பம். வரிசை இது: முதல் தகவல் அறிக்கை, புலன் விசாரணை, சார்ஜ் ஷீட், அதன்பின் நீதிமன்றம் சார்ஜ் ‘ஃப்ரேம்’ செய்தல், விசாரணை, தீர்ப்பு. சார்ஜ் ஷீட் என்பது காவல்துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை. சட்டத்தில் அதற்குப் ‘போலீஸ் ரிப்போர்ட்’ என்றுதான் பெயர். சார்ஜ் என்று தனியாக வந்தால் நீதிபதி வகுத்தது. நீதிமன்றத் தமிழில் ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்பார்கள், செய்தித்தாளில் ‘குற்றச்சாட்டுப் பதிவு’ என்று வரும். இரண்டையும் ஒன்றாக்கினால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். வழக்கின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 187ஆம் பிரிவு. ஜாமீன் மனுவில் ‘குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை’ என்பதைக் ‘குற்றச்சாட்டு வனையப்படவில்லை’ என்று மாற்றி எழுதினால் மனுவின் உயிர்நாடியே அறுந்துவிடும்.

‘டிஸ்சார்ஜ்’ சொல்லுக்கும் இதே எச்சரிக்கை. ஏற்றியதை இறக்குவது என்பதுதான் பொருள். மருத்துவமனையிலிருந்து அனுப்புவது, கடனைத் தீர்ப்பது, அணையிலிருந்து நீர் வெளியேறுவது, புண்ணிலிருந்து சீழ் வடிவது எல்லாம் இதில் அடங்கும். நீதிமன்றத்தில் மட்டும் அது வழக்கிலிருந்து விடுவிப்பு: குற்றச்சாட்டு வனையும் அளவுக்கு முகாந்திரம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது. ‘அக்விட்டல்’ என்றால் விசாரணை முடிந்து வரும் விடுதலை. ‘விடுதலை’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுவது நாளிதழ்களில் சகஜம். சான்றளித்த மொழிபெயர்ப்பில் அது கூடாது.

அரசு அலுவலகத் தாள் என்றால் முதலில் ‘பொறுப்பு’ என்று வைத்துப் பாருங்கள். பொறுப்பேற்பு, பொறுப்பு ஒப்படைப்பு, கூடுதல் பொறுப்பு எல்லாம் சார்ஜின் பிள்ளைகள். ‘சார்ஜ் மெமோ’ மட்டும் விலக்கு. அது ஊழியர் மீதான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) என்றால் சிறு தண்டனைக்கான நடவடிக்கை, 17(ஆ) என்றால் பெருந்தண்டனைக்கானது. அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள், விளக்க முயல வேண்டாம். கூட்டுறவுத் துறைத் தாளில் ‘சர்சார்ஜ்’ என்று வந்தால் கூடுதல் கட்டணம் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். சங்கத்துக்கு நட்டம் ஏற்படுத்தியவரிடம் அதை வசூலிக்கும், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு நடவடிக்கை அது. துறையின் வழக்குச் சொல் ‘தண்டத்தீர்வை’. வருமானவரித் தாளில் அதே சர்சார்ஜ் வரியின் மேல் ஏறும் கூடுதல் வரி. தொல்காப்பியர் சொன்ன ‘சார்பு’ இதுதான்.

காவல்துறையின் ‘லத்தி சார்ஜ்’ இந்திய ஆங்கிலம். தமிழில் தடியடி என்று முன்பே நிலைத்துவிட்டது.

இரண்டாவது கேள்வி தமிழின் தாராளத்தால் வருவது. பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், மின் கட்டணம், சுங்கக் கட்டணம் என்று நாம் ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் யார், எதற்காக, யாருக்குக் கொடுக்கிறார் என்று பார்த்துப் பிரிக்கிறது. ஆள் பயணம் செய்யக் கொடுப்பது ஃபேர். நாம் பேச்சில் ‘பஸ் சார்ஜ்’ என்றாலும் எழுத்தில் பஸ் ஃபேர்தான். சரக்கு பயணம் செய்தால் ஃப்ரெய்ட். சாலையையோ பாலத்தையோ கடக்கக் கொடுப்பது டோல். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோரின் தொழிலறிவுக்கும், தேர்வு, சேர்க்கை, பதிவு போன்ற அனுமதிகளுக்கும் கொடுப்பது ஃபீ. நீதிமன்றக் கட்டணமும் ‘கோர்ட் ஃபீ’தான். ஒரு சேவைக்காகவோ பயன்பாட்டுக்காகவோ கேட்கப்படும் தொகை, மேலே சொன்ன எதிலும் அடங்காவிட்டால் சார்ஜ். மின்வாரிய ஊழியர்கள் ‘சி.சி. சார்ஜ்’ என்பது நுகர்ந்த மின்சாரத்துக்கான தொகை.

காஸ்ட், ப்ரைஸ், ரேட் மூன்றும் கட்டணமே அல்ல. விற்பவர் சொல்லும் விலை ப்ரைஸ். வாங்குபவர் கையைவிட்டு, அல்லது செய்பவர் கையைவிட்டுப் போகும் செலவு காஸ்ட். ஓர் அலகுக்கு இவ்வளவு என்றால் ரேட். சதுர அடிக்கு, கிலோவுக்கு, யூனிட்டுக்கு என்ற சொல் அருகில் இல்லாமல் ரேட் என்று எழுதாதீர்கள். தீர்ப்பின் கடைசி வரியில் பன்மையாக ‘காஸ்ட்ஸ்’ என்று வந்தால் அது வழக்குச் செலவுத் தொகை.

பத்திரப்பதிவில் ஒரு தனிக் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். முன்னது ‘ஸ்டாம்ப் டியூட்டி’: அது வரி. பின்னது ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ’: பதிவு என்ற சேவைக்கானது. இரண்டையும் சேர்த்து ‘ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜஸ்’ என்று எழுதும் வழக்கம் தரகர்களுடையது. பணத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடும்போது இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் இருப்பதால், தொகையையும் பெயரையும் பிரித்தே எழுதுங்கள்.

குற்றம் சாட்டுதலுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘எதிர்க்கட்சித் தலைவர் குற்றச்சாட்டு’ என்ற செய்தியை ஆங்கிலமாக்கும்போது ‘அலெஜ்’ போதும்: மெய்ப்பிக்கப்படாத ஒன்றை ஒருவர் சொல்கிறார். ‘அக்யூஸ்’ யாரும் யாரையும் செய்யலாம், அடுத்த வீட்டுக்காரர்கூட. ‘சார்ஜ்ட் வித்’ என்று எழுதும்போது பின்னால் சட்ட அதிகாரம் நிற்கவேண்டும். அமெரிக்கச் செய்திகளில் பார்த்த ‘இண்டைக்ட்’ அங்குள்ள கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முறைக்கு உரியது, நம் நீதிமன்றத் தாளில் அதற்கு வேலை இல்லை.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீராத இடத்தில் தமிழ்ச் சொல்லை எழுதி, பக்கத்திலேயே மூலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ‘சார்ஜ்’ என்று அடைப்புக்குறிக்குள் போடுங்கள். வங்கித் தாள் என்றால் கடிதத்தின் தலைப்பிலுள்ள கிளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ‘இந்தச் சார்ஜ் நான் கட்டவேண்டிய பணமா, சொத்தின் மேல் இருக்கும் கடனா?’ என்று கேளுங்கள்.